ஆயிரத்து முப்பத்து மூவருள் ஒருவர்

(தாராபுரத்தில் நடந்த தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தேர்தல் வரலாற்றை எழுதுக என்றால், எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவர். இன்ன ஆண்டு, இன்ன தொகுதி, இன்ன கட்சி, இத்தனை வாக்கு, வெற்றி அல்லது தோல்வி. மளிகைக் கடைப் பேரேடு போல அது கிடக்கும். எண்களில் பிழை இராது; ஆனால் அவ்வெண்களை உண்டாக்கிய மக்கள் அதில் இரார். எந்தக் கரணியத்தால் அவ்வாக்குகள் விழுந்தன, எவர் எதை எதிர்பார்த்து வரிசையில் நின்றார், நின்றவர்க்குப் பின்னர் என்ன கிட்டியது என்பனவெல்லாம் பட்டியலுக்கு வெளியே நிற்கும். அவ்வாறு வெளியே நிற்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் தேர்தல் வரலாறு ஒரு நிலத்தின் வரலாறாகவே ஆகிவிடும். அதற்கு நம் கொங்கு மண்ணிலேயே, மொடக்குறிச்சியில், ஒரு சான்று உண்டு.

மொடக்குறிச்சி தாராபுரத்தார்க்கு வேற்றூர் அன்று. 1979ஆம் ஆண்டு கோவை மாவட்டத்தைப் பிரித்துப் பெரியார் மாவட்டம் அமைத்தபோது இவ்விரண்டும் ஒரே மாவட்டத்துள் இருந்தன. 2009இல் திருப்பூர் மாவட்டம் தோன்றிய பின்னரே தாராபுரம் தனியே பிரிந்தது. இங்கே அமராவதி பாய்கிறது. அங்கே பழைய காலிங்கராயன் கால்வாயும் விடுதலைக்குப் பின் வெட்டிய கீழ்பவானிக் கால்வாயும். நெல், கரும்பு, மஞ்சள் என்று மண்ணை நம்பி வாழும் ஊர்கள் அவை. இம்மண்ணின் பெண் ஒருவர் 1977ஆம் ஆண்டு மொடக்குறிச்சித் தொகுதியில் நின்று வென்றார். சுப்புலட்சுமி செகதீசன் என்பது அவர் பெயர். அப்போது அவர் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் வேட்பாளர். அகவை முப்பதளவு. ம.கோ. இராமச்சந்திரன் அமைச்சரவையில் கைத்தறித் துறை அவர் பொறுப்பில் இருந்தது. சென்னிமலைப் போர்வையும் பவானிச் சமுக்காளமும் நெய்யும் தறிகாரர் நிறைந்த பகுதியிலிருந்து சென்றவர்க்கு அத்துறையை ஒப்படைத்தது பொருத்தமே.

அவ்வமைச்சரவை 1980ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் தில்லியால் கலைக்கப்பட்டது. அதன்பின் அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சார்ந்தார். 1989இல் ஈரோடு தொகுதியில் வென்று மீண்டும் அமைச்சரானார். இம்முறை குமுகாய நலத்துறை. கட்சி மாறுவதைக் குற்றமென்று சொல்வோர் உண்டு. சொல்லட்டும். ஆனால் கொங்குநாட்டு வாக்காளர், இரட்டையிலைக்கும் எழுகதிருக்குமாக இரு வேறு அடையாளங்களின்கீழ் ஒரே பெண்ணைத் தேர்ந்தெடுத்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்நாட்டு மக்கள் அடையாளத்தை மட்டும் பார்த்துக் குத்துகிறவர் என்று நகரத்தார் எழுதும் ஏளனத்துக்கு அது ஒரு விடை.

1989 முதல் 1991 வரை நடந்த அவ்வாட்சியில் பெண்கள் பற்றிய இரு செயல்கள் குறிக்கத்தக்கவை. ஒன்று, குடும்பச் சொத்தில் பெண் மக்கட்கு ஆண் மக்களோடு ஒத்த பங்கு தரும் சட்டத்திருத்தம். அது 1989ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் செயற்பட்டது. இந்திய ஒன்றியம் முழுதும் அவ்வுரிமை எய்துவதற்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மற்றொன்று, படித்த ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திட்டம். இரண்டாவது குமுகாய நலத்துறை வழியே நடந்தது. தாராபுரத்துச் சிற்றூர்களில் அத்தொகையைப் பெறுவதற்காகவேனும் மகளைப் பள்ளியில் நிறுத்தாது படிக்கவைத்த வீடுகள் பல. பள்ளிக்கூடத்தார் அதை நன்கு அறிவர்.

அவ்வாட்சியும் முழுக்காலம் நிற்கவில்லை. 1991 சனவரி 30ஆம் நாள் அது கலைக்கப்பட்டது. தமிழீழப் போராளிகட்கு இடங்கொடுத்தது என்பது அன்று தில்லி கூறிய பழிகளுள் ஒன்று. அடுத்து வந்த ஆண்டுகளில் அதே பழி சுப்புலட்சுமியார் வீட்டு வாயிலிலும் வந்து நின்றது. தடா என்னும் கொடுஞ்சட்டத்தின்கீழ் அவரும் அவர் கணவரும் சிறைப்பட்டனர்; குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் விடுவிக்கப்பட்டனர். பிணையில் வெளிவருவதையே அரிதாக்கிய சட்டம் அது. 1995இல் அது காலாவதியாகும்படி விடப்பட்டது. ஒரு முன்னாள் அமைச்சர்க்கே அச்சட்டம் இவ்வாறு செய்யுமாயின், பெயரறியாத ஏழைத் தமிழிளைஞன் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் கடந்து, 1996ஆம் ஆண்டு அவர் மீண்டும் மொடக்குறிச்சிக்கு வந்தார். அங்கே அவரை எதிர்த்து நின்றவர் ஒருவர் அல்லர், இருவர் அல்லர்; ஆயிரத்து முப்பத்திருவர்.

ஆம், பெருமக்களே! அத்தொகுதியில் அவ்வாண்டு களத்தில் இருந்த வேட்பாளர் தொகை 1,033. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இத்துணைப் பேர் நின்றது இந்திய ஒன்றியத் தேர்தல் வரலாற்றில் அதற்கு முன்னும் இல்லை; அதற்குப் பின்னும் இல்லை.

எவர் இவர்கள்? மிகப் பெரும்பாலார் உழவர். தங்கள் குறைகளை எந்த அரசும் எந்தக் கட்சியும் செவிமடுக்கவில்லை என்பதை நாடறியச் செய்தற்கு அவர்கள் கண்ட வழி அது. அதன் வேர் 1996இல் முளைத்ததன்று. 1970ஆம் ஆண்டு மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட உழவர் எழுந்தனர். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உழவர் மாண்டனர். 1972இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கோவைத் தெருக்களில் கொண்டுவந்து நிறுத்தி நகரத்தையே அசையாமற் செய்தனர். உழவன் கையில் இருந்த படைக்கலம் அவ்வண்டிதான். கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்குநாட்டில் மின்கட்டணம் என்பது நீரின் விலை. நீரின் விலை சோற்றின் விலை. அப்போராட்டங்களின் நெடும்பயனாகவே 1990இல் உழவர்க்குக் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. ஆனால் கடன் சுமை, விளைபொருட்கு விலையின்மை, வாய்க்கால் கடைமடைக்கு நீர் வாராமை ஆகியவை அப்படியே இருந்தன. வண்டியைத் தெருவில் நிறுத்தியவர் மக்கள், இருபத்து நான்கு ஆண்டு கழித்துத் தம்மையே வாக்குத் தாளில் நிறுத்தினர்.

இதற்கு அவர்கட்கு ஆன செலவு என்ன? 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டமன்ற வேட்பாளர் கட்டவேண்டிய கட்டுத்தொகை 250 உருபா, நாடாளுமன்றத்துக்கு 500. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அதில் பாதி. 1951இல் அது பெருந்தொகை. நாற்பத்தைந்து ஆண்டு அதை யாரும் உயர்த்தாமையால் 1996இல் அது ஒரு மூட்டை உரத்தோடு ஒப்பிடத்தக்க சிறு செலவாய்ச் சுருங்கிவிட்டது. வேட்பு விண்ணப்பத்தை முன்மொழிய அத்தொகுதி வாக்காளர் ஒருவர் போதும். ஆயிரத்து முப்பத்து மூவரும் முழுத்தொகை கட்டியிருந்தாலும் மொத்தம் 2,58,250 உருபாதான். பெருங்கட்சிகள் ஒரு மாநாட்டுப் பந்தலுக்குச் செலவிடும் பணத்தினும் குறைந்த பணத்தில் ஓர் ஒன்றியத்தின் தேர்தல் ஆணையத்தையே உழவர் நிலைகுலையச் செய்தனர்.

ஆணையம் திகைத்தது. வாக்குப்பதிவை ஏறத்தாழ ஒரு திங்கள் தள்ளிவைத்தது. மின்னணுப் பொறி அன்று இங்கு வரவில்லை. தாளில் முத்திரை குத்தும் காலம். ஆயிரத்து முப்பத்து மூன்று பெயரையும் அவரவர் அடையாளத்தையும் ஒரு தாளில் எங்ஙனம் அடக்குவது? தாள் பொத்தகமாயிற்று. ஒவ்வொரு வாக்காளர் கையிலும் ஒரு பொத்தகத்தைக் கொடுத்து, உள்ளே போய்ப் பக்கம் புரட்டி, தாம் விரும்பியவரைக் கண்டுபிடித்துக் குத்தி, மடித்துப் பெட்டியிலிட்டு வருக என்றனர். பொத்தகம் புகும் பெட்டி வேண்டுமே! பெட்டியும் பெரிதாயிற்று. தேர்தல் பணிக்குச் செல்வோர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களே என்பது எல்லாரும் அறிந்தது. மாணவர்க்குப் பொத்தகம் கொடுத்துப் பழகிய கை, அன்று குடிமக்களுக்குப் பொத்தகம் கொடுத்தது. எண்ணும் நாளில் ஒவ்வொரு பொத்தகத்தையும் பிரித்து எந்தப் பக்கத்தில் முத்திரை இருக்கிறதென்று தேடியவரும் அவர்களும் அவர்கள் போன்ற அரசு ஊழியருமே. உழவர் எதிர்ப்பின் சுமை, உழவர்க்கு எத்தீங்கும் செய்யாத இவர்கள் தலையில் விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

இங்குத் தமிழாசிரியர்க்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. வாக்குத் தாளில் பெயர்கள் மாநில மொழியின் நெடுங்கணக்கு முறையிலேயே அடுக்கப்படும். அன்றுவரை கட்சி வேட்பாளரென்றும் கட்சி சாராதவரென்றும் பிரிக்காமல் எல்லார் பெயரையும் ஒரே அகர வரிசையில் வைப்பது வழக்கம். ஆகவே உயிரெழுத்துப் பெயர்களும் ககர வரிசைப் பெயர்களும் முடிந்த பின்னரே 'சு' வரும். கந்தசாமிகளும் கருப்பண்ணன்களும் குப்புசாமிகளும் நிறைந்த கொங்குநாட்டில் ககர வரிசை எத்துணை நீளம் என்று சொல்ல வேண்டுமா? அவ்வரிசையைக் கடந்து சென்று வாக்காளர் தாம் தேடிய பெயரைக் கண்டனர். எழுத்தறியாத மூதாட்டியர் அடையாளத்தைத் தேடினர். எழுத்தறிந்தோர் அகர வரிசையைப் பற்றிக்கொண்டு நடந்தனர். தமிழ் நெடுங்கணக்கு ஒரு தேர்தலையே தாங்கி நின்றது என்றால் மிகையாகாது.

முடிவு வந்தது. சுப்புலட்சுமி செகதீசன் 64,436 வாக்கு. அ.இ.அ.தி.மு.க. சார்பில் நின்ற இரா.நா. கிட்டுசாமி 24,896 வாக்கு. வேறுபாடு 39,540. பொத்தகம் கொடுத்தாலும் கொங்குநாட்டார் குழம்பவில்லை என்பதற்கு இவ்வெண்ணினும் சான்று வேண்டா. மற்றை ஆயிரத்தவர் நிலை என்ன? எண்பத்தெண்மர்க்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. சுழி.

இவ்வெண்பத்தெட்டைச் செய்தித்தாள்கள் நகைச்சுவையாக எழுதின. நகைப்பதற்கு முன் சற்று நின்று பார்க்க வேண்டும். சுழி என்றால் என்ன பொருள்? அவ்வேட்பாளர் தம் வாக்கைத் தமக்கு இடவில்லை. அவர் வேறு தொகுதியில் வாக்காளராக இருந்தார் எனலாம். சட்டம் அதற்கு இடந்தரும். ஆனால் அவரை முன்மொழிந்தவர் அத்தொகுதி வாக்காளராகவே இருந்தாக வேண்டும். முன்மொழிந்து கையொப்பமிட்ட அவரும் இவர்க்கு வாக்கிடவில்லை! வீட்டார் இடவில்லை, பங்காளிகள் இடவில்லை. தோற்றவன் கதை இவ்வாறு இராது. தோற்பவனுக்கு மனைவியின் வாக்கேனும் விழும். இது வாக்குக் கேளாதவன் கதை. அவர்கள் தங்கள் பெயரை எழுத்தாக மட்டுமே அத்தாளில் பதித்தனர். வாக்கை, ஆளத் தகுந்தவர் என்று தாம் கருதியவர்க்கே இட்டனர். எதிர்ப்பு வேறு, தேர்வு வேறு என்று பிரித்தறிந்த அந்தத் தெளிவு பல பட்டதாரிகட்கு இராது. வேட்பாளராய் நின்றதால் ஆட்சியாளரைச் சாடினர். வாக்காளராய் நின்றதால் ஆட்சியாளரைத் தெரிந்தெடுத்தனர். இரண்டையும் ஒரே நாளில் செய்தனர்.

அவ்வாண்டு மொடக்குறிச்சி தனித்து நிற்கவில்லை. ஆந்திரத்து நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றனர். நஞ்சு கலந்த நிலத்தடி நீரால் எலும்பு வளைந்த மக்களின் முறையீடு அது. கருநாடகத்துப் பெல்காமில் 456 பேர். தங்கள் மராட்டிய மொழி நிலத்தை மராட்டியத்தோடு சேர்க்கக் கேட்டவர் அவர்கள். நீருக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, உழவுக்கு ஒன்று என்று மூன்று முறையீடும் ஒரே ஆண்டில் ஒரே வடிவில் தில்லிக்குச் சென்றன. அவ்வாண்டு நாடாளுமன்றத்துக்கு நின்றோர் மொத்தம் 13,952 பேர்.

தில்லி என்ன விடை கூறியது? ஃபுளோரைடு நீரைப் பற்றியும், எல்லையைப் பற்றியும், உழவர் கடனைப் பற்றியும் அது முதலில் எண்ணியிருக்க வேண்டும் அல்லவா? அது எண்ணியது கட்டுத்தொகையைப் பற்றி. 1996ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தினர். சட்டமன்றத்துக்கு 250 உருபா 5,000 ஆயிற்று. நாடாளுமன்றத்துக்கு 500 உருபா 10,000 ஆயிற்று. ஏற்புடைய கட்சியின் சார்பில் நில்லாதவர்க்கு முன்மொழிவோர் ஒருவர் போதாது, பதின்மர் வேண்டும். பெயரடுக்கிலும் மாற்றம்: ஏற்புடைய கட்சியார் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சியார் அடுத்து, கட்சி சாராதவர் கடைசியில். ககர வரிசைக் கந்தசாமி இனிச் சகர வரிசைக்கு முன்னே நிற்க முடியாது. அவர் இடம் தாளின் அடியில். மொடக்குறிச்சியார் மீண்டும் அவ்வாறே நிற்க விரும்பினால் 51,65,000 உருபா திரட்ட வேண்டும். பின்னர் அத்தொகை மேலும் உயர்ந்தது. சட்டமன்றத்துக்கு 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000 என்றாயிற்று. அந்தக் கணக்கில் ஒரு கோடியே மூன்று இலக்கத்துக்கு மேல். 1998ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நின்றோர் தொகை 4,750 ஆகக் குறைந்தது. நோயாளி அழுகிறான் என்று வாயைக் கட்டிய மருத்துவம் இது.

கட்டுத்தொகையே கூடாது என்பதன்று கருத்து. ஆணையத்தாரின் இடர்ப்பாடு மெய். ஆயிரம் பெயரை ஒவ்வொரு தேர்தலிலும் அச்சிட முடியாது. விளம்பரத்துக்கென்றே நிற்பவர் உண்டு. மேட்டூரைச் சேர்ந்த பத்மராசன் 1988 முதல் இருநூறு முறைக்கு மேல் நின்று அத்தனையிலும் தோற்று, அத்தோல்வியையே தம் பெருமையாக்கிக்கொண்டவர். அவரை எந்தக் கட்டுத்தொகையும் தடுக்கவில்லை என்பது வேறு. செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு பெறாதவர் கட்டுத்தொகையை இழப்பார் என்னும் விதி பணமுள்ளவனைத் தடுப்பதில்லை. அது தடுப்பது பணமில்லாதவனையே. அத்திருத்தத்தின் முறைகேடு அதுதான்.

குடவோலையை நினைவூட்டாமல் இப்பேச்சை முடிக்க முடியாது. தமிழ்க் கூட்டங்களில் அதைச் சொல்லாதார் இலர். உத்தரமேரூர்க் கல்வெட்டு முதற் பராந்தகன் காலத்தது. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதி. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவனைக் கொண்டு எடுப்பித்து வாரிய உறுப்பினரைத் தெரிந்தனர். கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது என்ற விதி இன்றும் போற்றத்தக்கது. ஆனால் அதே கல்வெட்டு, கால்வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையும் உடையவன்தான் பெயரெழுதப்படத் தக்கவன் என்கிறது. அது பார்ப்பனர் ஊரின் அவை; வேதப் பயிற்சியும் தகுதிகளுள் ஒன்று; பெண்ணுக்கு இடமில்லை; உழுதவனுக்கு இடமில்லை. தமிழர் பெருமையென்று சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. உடைமையை வைத்து வாயிலை அடைக்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. 1996இல் நிலத்துக்குப் பதில் பணம் நின்றது.

மொடக்குறிச்சி உழவரைப் பின்பற்றியவர் தெலுங்கு நாட்டார். 2019ஆம் ஆண்டு நிசாமாபாத்து நாடாளுமன்றத் தொகுதியில் 185 பேர் நின்றனர். அவருள் பெரும்பாலார் மஞ்சளும் செஞ்சோளமும் பயிரிடுவோர். விலை வேண்டும், மஞ்சளுக்கு வாரியம் வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். மின்னணுப் பொறிகள் பலவற்றை ஒன்றோடொன்று பிணைத்தே வாக்குப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று. அத்தேர்தலில் தெலங்கானா முதலமைச்சரின் மகள் கவிதா தோற்றார். 2025 சனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிசாமாபாத்தையே தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள்; அதன் சந்தை நாடறிந்த சந்தை. ஆயினும் வாரியம் ஈரோட்டுக்கு வரவில்லை. நூற்றெண்பத்தைவர் நின்ற ஊருக்கு வாரியம் வந்தது. ஆயிரத்து முப்பத்து மூவர் நின்ற மாவட்டத்துக்குச் சட்டத்திருத்தம் வந்தது. இதைக் கேட்கும் உழவர் எவர் நெஞ்சும் வேகாமல் இராது.

கடல் கடந்தும் இம்முறை சென்றுள்ளது. ஈழத்தமிழர் பல்லாயிரவர் குடியேறி வாழும் கனடாவில் நாடாளுமன்ற வேட்பாளர் 1,000 தாலர் கட்டவேண்டும் என்ற விதி இருந்தது. ஆல்பர்ட்டா மாநில வழக்குமன்றம் 2017ஆம் ஆண்டு அவ்விதி குடிமகனின் தேர்தல் உரிமைக்கு முரண் என்று தள்ளியது. கட்டுத்தொகையே இல்லாமற் போயிற்று. இந்தியம் உயர்த்தியதைக் கனடா நீக்கியது. பின்னர் அங்கே தேர்தல் முறையை மாற்றக் கோருவோர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து வேட்பாளரைக் குவிக்கத் தொடங்கினர். 2025 ஏப்பிரல் தேர்தலில் ஒட்டாவாவை அடுத்த கார்ல்டன் தொகுதியில் 91 பேர். வாக்குத் தாளின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். எதிர்க்கட்சித் தலைவர் பியேர் புவாலியேவர் அங்கே தோற்றார். அதே ஆண்டு ஆகத்தில் ஆல்பர்ட்டாவில் நடந்த இடைத்தேர்தலுக்கு அவர் சென்றபோது 214 பேர் நின்றனர். அங்கு அலுவலர் பெயர்களை அச்சிடுவதையே கைவிட்டனர்; வெற்றுத் தாளைக் கொடுத்து, விரும்பும் வேட்பாளர் பெயரை வாக்காளரே எழுதுக என்றனர். ஓலையில் பெயரெழுதிய முறைக்கே திரும்பினர் எனலாம். அங்கே இவர் வென்றார். கட்டுத்தொகையை மீண்டும் கொண்டுவருக என்ற குரலும் அங்கு எழாமல் இல்லை; ஆனால் ஆயிரத்து முப்பத்து மூவர் நிற்கவில்லை, வானமும் இடிந்து விழவில்லை.

கனடா என்றவுடன் ஒன்று. அந்நாட்டு ஒண்டாரியோ மாநிலச் சட்டமன்றத்துக்கு 2018இல் தேர்வான விசய் தணிகாசலம் என்னும் தமிழர் கொணர்ந்த தமிழின அழிப்பு அறிவூட்டுக் கிழமைச் சட்டம் 2021 மே திங்களில் அங்கு நிறைவேறியது. 2022லும் 2025லும் அவரை அத்தொகுதியார் மீண்டும் அனுப்பினர். ஈழத்தமிழர்க்காக ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஓரிடத்தில் சட்டமே இயற்றுகிறார். மற்றோரிடத்தில் ஒரு முன்னாள் அமைச்சர் சிறைக்குள் தள்ளப்படுகிறார். இரண்டும் ஒரே தலைமுறைக்குள் நடந்தவை.

மீண்டும் மொடக்குறிச்சிக்கு வருவோம். சுப்புலட்சுமியார் 2004இல் திருச்செங்கோடு நாடாளுமன்றத் தொகுதியில் நின்று, பின்னாளில் முதலமைச்சரான எடப்பாடி பழனிச்சாமியை வென்றார். ஒன்றிய அரசில் இணையமைச்சராய் இருந்தார். தொகுதி மறுவரையறையில் திருச்செங்கோட்டு நாடாளுமன்றத் தொகுதியே 2009இல் இல்லாமற் போயிற்று. 2021இல் அவர் மறுபடியும் மொடக்குறிச்சியில் நின்றார். முதல் வெற்றி கண்ட நாற்பத்து நான்காம் ஆண்டு அது. எதிரே பாரதிய சனதா கட்சியின் மருத்துவர் சி. சரசுவதி. பெற்ற வாக்கு, அவர் 78,125, இவர் 77,844. வேறுபாடு 281.

இருநூற்று எண்பத்தொன்று! 1996இல் அதே தொகுதியில் வேட்பாளராக நின்றவர் தொகையில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் எண். பொத்தகத்துள் அவரைத் தேடிக் கண்ட தொகுதி, சிறு பொறியில் அவரை நழுவவிட்டது. அவர் கட்சி அவ்வாண்டு ஆட்சியைப் பிடித்தது. அவர் வெளியே நின்றார். 2022 செப்டம்பரில் அக்கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பினின்றும் கட்சியினின்றும் விலகினார். ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று வாக்களிக்கும் நாளில் வீட்டில் படுத்திருப்போர் எல்லா ஊரிலும் உண்டு. 281 என்பது ஒரு தெருவின் மக்கள். அவ்வாண்டு சென்னைத் தியாகராய நகரில் முடிவு 137 வாக்கில் நின்றது. 1967இல் காமராசரையே விருதுநகர் 1,285 வாக்கில் வீழ்த்தியதை முதியோர் மறந்திரார்.

தாராபுரத்தார் இதை வேற்றூர்ச் செய்தியாகக் கேட்கவும் இயலாது. 2021இல் இத்தனித்தொகுதியின் முடிவும் 1,393 வாக்கில் நின்றது. பாரதிய சனதா கட்சியின் மாநிலத் தலைவராயிருந்த எல். முருகனை வென்று கயல்விழி செல்வராசு சட்டமன்றம் சென்றார், அமைச்சரும் ஆனார். தோற்றவர் இரண்டே திங்களில் ஒன்றிய இணையமைச்சரானார். மத்தியப் பிரதேசத்தின் வழியே மாநிலங்களவைக்குச் சென்றார். வாயிலில் தடுக்கப்பட்டவர்க்குப் பின்கட்டு திறந்திருந்தது. ஆயிரத்து முப்பத்து மூவருள் எவர்க்கும் அவ்வாறு ஒரு பின்கட்டு இருந்ததில்லை.

இன்னொன்றும் கணக்கிடத்தக்கது. மொடக்குறிச்சியில் 2021இல் முதலிடத்துக்குப் போராடிய இருவரும் பெண்கள். எவர் வென்றாலும் பெண்ணே வெல்வார் என்ற நிலை. தாராபுரத்தில் வென்றவரும் பெண். அவ்வாண்டு 234 பேர் கொண்ட தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துள் நுழைந்த பெண்கள் பன்னிருவர். அப்பன்னிருவருள் இருவரை அனுப்பியவை இவ்விரு தொகுதிகள்.